பிடரிச் சூடு

மார்ச் 7

சின்னு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. போனில் பேசினால் என் குரல் எகிறும், உன் குரல் அதற்கு மேல் எகிறும், நடுவில் உன் அண்ணன் “விடுங்கம்மா, விடுங்கம்மா” என்று போனைப் பிடுங்குவார். அதனால் எழுதுகிறேன். வேலைக்குப் போகிற வழியில் உன் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போவார். பசை போட்டு ஒட்டித்தான் அனுப்புகிறேன். பிரித்துப் படிக்கிற தைரியம் அவருக்கு இல்லை என்பது வேறு விஷயம்.

பிள்ளைகள் காப்பகத்தை இன்று மூடிவிட்டேன். நேற்றும் இன்றுமாக இன்னும் மூன்று பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. உள்ளங்கையில், பாதத்தில், வாய்க்குள் எல்லாம் கொப்புளம். டாக்டர் பார்த்த மாத்திரத்தில் கை கால் வாய் நோய் என்றார். வைரஸ், சின்னப் பிள்ளைகளுக்குச் சாதாரணமாக வருவது, எச்சில் வழியாகவும் மலம் வழியாகவும் பட்டென்று பரவும் என்றார். பேக்கரிக்காரம்மா மட்டும் “மாட்டுக்கு வர்றதுதானே அது, ஐயையோ!” என்று தெருவே கேட்க அலறினாள். மாட்டுக்கு வருவது வேறு, பிள்ளைகளுக்கு வருவது வேறு என்று டாக்டர் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. போதாக்குறைக்கு அவளுடைய கைக்குழந்தைக்குத்தான் வாய் நிறையப் புண்.

முதலில் வந்தது உன் பிள்ளைக்கு, நம் வாலுவுக்கு. அது அவன் குற்றம் இல்லை. இரண்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும். நான் கேட்பது உன்னை.

திங்கட்கிழமை காலை என் வாசலில் நடந்ததை நினைத்துப் பார். எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்வதுபோல அவன் பிடரியில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. “ராத்திரி உடம்பு சுட்டுச்சா சின்னு?” என்று கேட்டேன். “இல்லையே அண்ணி, நல்லாத்தான் தூங்கினான்” என்றாய், செருப்பைக்கூடக் கழற்றாமல். மதியம் பார்த்தால் பிள்ளை அடுப்பாகக் கொதிக்கிறான். பாலைத் தட்டிவிடுகிறான். எச்சில் ஒழுகிச் சட்டை நனைகிறது. கடைவாய்ப் பல் முளைக்கிறது போல என்று நினைத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். நீ வேலை பார்க்கிற கடைக்குப் போன் போட்டால் “கவுண்டரில் கூட்டம், அப்புறம் பேசுங்க” என்று வைத்துவிட்டார்கள். மறுநாள் கால் கழுவும்போதுதான் உள்ளங்காலில் அந்தச் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தேன்.

அவனுடைய திங்கட்கிழமைச் சட்டை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. காலரில் ஆரஞ்சுக் கறை. காய்ச்சல் சிரப்பின் நிறம் எனக்குத் தெரியாதா? வாயைத் துடைத்துவிட்டாய், காலரை மறந்துவிட்டாய்.

காலையில் கொடுத்துவிட்டுத்தான் கொண்டு வந்தாயா? ஆமாம் இல்லை என்று ஒரு பதில் போதும்.

அண்ணி

*

மார்ச் 9

அண்ணிக்கு,

போலீஸ் ஸ்டேஷனில்கூட உட்காரச் சொல்லிவிட்டுத்தான் கேள்வி கேட்பார்களாம். நீங்கள் கடிதத்திலேயே விலங்கு மாட்டிவிட்டீர்கள்.

கொடுக்கவில்லை. கறை ஆரஞ்சு ஜூஸ். போதுமா?

நானும் ஒன்று கேட்கிறேன். என் பிள்ளை காலையிலிருந்து இருட்டும்வரை இருப்பது உங்கள் வீட்டில். தூங்க மட்டும்தான் என்னிடம் வருகிறான். நோயை நான் பில் கவுண்டரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தேனா? அந்த நீலத் தொட்டியில் இருக்கும் பொம்மைகளை ஒரு நாள் நன்றாகப் பாருங்கள். ஒருத்தன் கடித்த குதிரையைத்தான் அடுத்தவன் கடிக்கிறான். அதிலிருந்து வந்திருக்காதா? உங்கள் வீட்டில் பிடித்ததை என் தலையில் கட்டுகிறீர்கள்.

செவ்வாய்க்கிழமை அத்தனை பேர் முன்னாலும் “இவனைத் தூக்கிட்டுப் போ, நான் சொல்றவரைக்கும் இந்தப் பக்கம் கொண்டு வராதே” என்றீர்களே! பேக்கரிக்காரம்மா தன் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டு ஒதுங்கினாள். என் பிள்ளை என்னவோ குப்பை லாரி மாதிரி. அது பெற்றவள் நெஞ்சில் எப்படி இறங்கும் என்று உங்களுக்குச் சொல்லிப் பயனில்லை. பெற்றுப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான் அண்ணி. ஸ்பூனைப் பார்த்தாலே அலறுகிறான். நாக்கின் ஓரத்தில் வெள்ளையாகக் குழி விழுந்திருக்கிறது. மருந்துக் கடைக்காரர் அம்மை என்கிறார். டாக்டர் “தானா சரியாயிடும்மா” என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லிவிட்டார். அவருக்கென்ன, ராத்திரி முழுக்கத் தூக்கிக்கொண்டு நடப்பது நான்தானே. வீட்டுக்காரர் லாரியோடு போயிருக்கிறார், எப்போது திரும்புவாரோ தெரியாது. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நீங்கள் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவர். என்ன கொடுக்கலாம் என்று எழுதி அனுப்புங்கள். எனக்காக இல்லை.

சின்னு

*

மார்ச் 9, சாயங்காலம்

சின்னு,

உன் அண்ணனை ஒரு வாய் சாப்பிடக்கூட விடாமல் திருப்பி அனுப்புகிறேன். வாசலிலேயே நிற்கிறார். மெதுவாகப் படி.

அம்மை இல்லை. அம்மை உடம்பெல்லாம் போடும், நெஞ்சிலும் முதுகிலும். இது உள்ளங்கை, உள்ளங்கால், வாய், சில பிள்ளைகளுக்குப் பின்புறத்திலும். கொப்புளத்தை உடைக்காதே, எதையும் அரைத்துப் பூசாதே. வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பயனில்லை, கடைக்காரர் கொடுத்தாலும் வாங்காதே.

அவனுக்குப் பசி இருக்கிறது. விழுங்கினால் எரிகிறது, அதனால்தான் வாயை மூடிக்கொள்கிறான். எனவே அந்த சிரப்பை இப்போது கொடு. ஆமாம், அதே ஆரஞ்சு சிரப்பைத்தான். டாக்டர் அவன் எடைக்குச் சொன்ன அளவு, அதற்கு மேல் ஒரு சொட்டு வேண்டாம். வலி அடங்கியதும் குளிர்ந்த பால் கொடு. ஸ்பூன் வேண்டாம் என்றால் மூடியில் ஊற்றிக் கொடு, விளையாட்டாக நினைத்துக் குடிப்பான். ஒரு வாய், கொஞ்சம் பொறுத்து இன்னொரு வாய். தயிர் கொடுக்கலாம், கஞ்சியை நன்றாக ஆறவைத்துக் கொடுக்கலாம். உப்பும் உறைப்பும் சூடும் கூடாது. ஜூஸ் கொடுக்காதே. ஆரஞ்சு ஜூஸ் பட்டால் அந்தப் புண் நெருப்பாக எரியும். திங்கட்கிழமை நீ ஜூஸ் கொடுத்திருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும், உனக்கே தெரிந்திருக்கும்.

சாப்பிடாவிட்டால் போகிறது, குடிக்க வேண்டும். டயப்பர் நனைகிறதா என்று பார். காலையிலிருந்து சாயங்காலம்வரை நனையவே இல்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, கண் குழி விழுந்திருக்கிறது, எழுப்பினால் துவண்டு விழுகிறான், தூக்கத்தில் தூக்கித் தூக்கிப் போடுகிறது, காய்ச்சல் திரும்ப வருகிறது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடு. யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதே. டயப்பர் மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவு. அவன் தம்ளரில் நீ குடிக்காதே. இன்னும் சில வாரத்தில் நகம் உரிந்தால் பயப்படாதே, சில பிள்ளைகளுக்கு அப்படி ஆகும், தானாக முளைக்கும்.

பொம்மைகளைப் பற்றி எழுதியிருந்தாய். தினமும் சாயங்காலம் ப்ளீச்சிங் தண்ணீரில் முக்கிக் காயவைக்கிறேன். உள்ளங்கைத் தோல் உரிந்து கிடக்கிறது. அப்படியும் பரவும், நான் மறுக்கவில்லை. எங்கிருந்து அவனுக்கு வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் காய்ச்சல் என்று அன்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவனைத் தனி அறையில் போட்டிருப்பேன். அவன் படுத்த பாயில் பேக்கரிக்காரம்மாவின் குழந்தையைப் படுக்க வைத்திருக்க மாட்டேன்.

அந்தக் குழந்தையை இன்று மதியம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். தண்ணீர் வற்றிப்போய், குச்சியாகக் கிடக்கிற கையில் ட்ரிப்ஸ் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் தலையில் ஏற்றினார்களாம். அவள் என் கேட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டு கத்தினாள். “உங்க சொந்தக்காரப் பிள்ளைன்னுதானே காய்ச்சலோட உள்ள விட்டீங்க?” என்றாள். தெரு முழுக்க இப்போது அதுதான் பேச்சு. தெரிந்தே விட்டேனாம். இந்தப் பேச்சு நின்றால்தான் காப்பகம் மறுபடி திறக்கும். நீ வந்து “நான் மறைச்சேன், அவங்களுக்குத் தெரியாது” என்று அவளிடம் சொன்னால் நிற்கும். வேறு வழி இல்லை.

பெற்றுப் பார்க்கவில்லைதான். படித்தேன்.

அண்ணி

*

மார்ச் 14

அண்ணி,

மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். குடித்தான். முதல் மூடி குடித்ததும் “இன்னும்” என்றான். நான் உட்கார்ந்து அழுதேன். இப்போது ஓடுகிறான், சுவரில் கிறுக்குகிறான், நேற்று என் செருப்பை ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டான். பழைய வாலு திரும்பிவிட்டான்.

அந்த ஒரு வார்த்தையை எழுதியிருக்கக் கூடாது. கோபத்தில் வந்துவிட்டது.

சரி, கேட்டதற்குப் பதில். கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சுட்டது. விடியற்காலையிலும் சுட்டது. கொடுத்துவிட்டு, ஈரத்துணியால் பிடரியைத் துடைத்துத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன். சந்தோஷமா? ஆனால் ஏன் என்று கேளுங்கள். ஜனவரியில் வெறும் மூக்கொழுகலுக்கு வாசலிலிருந்து திருப்பி அனுப்பினீர்கள். அதற்கு முந்தின மாதம் வயிற்றுப்போக்கு என்று திருப்பினீர்கள். இரண்டு தடவையும் நான் கடைக்குப் போகவில்லை. சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, “இன்னொரு தடவை லீவுன்னா அப்படியே வீட்ல இருந்துக்கம்மா” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நீங்கள் பிள்ளையின் பிடரியைத் தொடுகிற நேரம் நான் உங்கள் முகத்தையேதான் பார்த்துக்கொண்டு நிற்பேன். உங்கள் கை சூட்டைப் பார்க்கிறது. எனக்கு அது என் வேலை இருக்கிறதா போயிற்றா என்று பார்க்கிற கை.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வித்தையை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே உங்கள் பேக்கரிக்காரம்மாதான். தெருமுனையில் நின்று பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் தன் குழந்தைக்கு ஊற்றினாள். நான் பார்த்ததும் கண்ணடித்தாள். “வாசல்ல சோதனை முடியற வரைக்கும் தாங்கினாப் போதும். அப்புறம் சுட்டா அங்க போய்ச் சுட்டதுதானே” என்றாள். உங்கள் வாசலுக்கு வருகிற பாதிப் பேர் இதைத்தான் செய்கிறோம். நீங்கள் சில்லென்று இருக்கிறது என்று நிம்மதியாக உள்ளே விடுகிறீர்கள். உங்கள் கையை ஏமாற்ற எல்லாருக்கும் தெரியும் அண்ணி. உங்களுக்குத்தான் தெரியாது.

குழந்தை எப்படி இருக்கிறது?

சின்னு

*

மார்ச் 22

சின்னு,

குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது. இளைத்திருக்கிறது, ஆனால் பால் குடிக்கிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பிள்ளைகளின் முகங்களையே நினைத்துக்கொண்டிருந்தேன். யார் யார் பிடரி ரொம்பச் சில்லென்று இருந்தது என்று. ஈரத்துணி போட்டுத் துடைப்பீர்களா! நான் என்னவோ என் உள்ளங்கை பொய் சொல்லாது என்று பெருமையாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எல்லாரும் வீட்டுக்குப் போய் எப்படிச் சிரித்திருப்பீர்கள்.

மூக்கொழுகலுக்குத் திருப்பி அனுப்பினேன் என்கிறாய். அனுப்பினேன். அன்று உள்ளே பேக்கரிக்காரம்மாவின் குழந்தை மாதிரி இன்னும் இரண்டு கைக்குழந்தைகள் இருந்தார்கள். உன் சூப்பர்வைசரிடம் நான் வந்து சண்டை போடுகிறேன் என்று அப்போதே சொன்னேன். “நீங்க வந்தா இருக்கிற வேலையும் போயிடும்” என்று என் வாயை அடைத்தாய். ஒரு காய்ச்சல் பிள்ளைக்கு வீட்டில் இருக்க வழியில்லாமல் செய்தது அந்த ஆள். அவர் மேல் காட்ட முடியாத கோபத்தை என் பாயில் கொண்டு வந்து கொட்டியிருக்கிறாய்.

காப்பகத்தைத் திறந்துவிட்டேன். பெயருக்குத்தான் திறந்திருக்கிறது. ஒரே ஒரு பிள்ளை வருகிறது, அதுவும் இந்த மாதத்தோடு சரி என்று அவன் அப்பா சொல்லிவிட்டார். பேக்கரிக்காரம்மாவிடம் போய், அவளும் சிரப் கொடுப்பது எனக்குத் தெரியும் என்றேன். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. “உங்க நாத்தனார் வந்து என் முகத்துக்கு நேரா சொல்லட்டும், ஒத்துக்கறேன்” என்றாள். நீ வரமாட்டாய் என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

உன் அண்ணன் என்ன சொல்கிறார் தெரியுமா? “அவ சின்னப் பொண்ணு, நீயே உன் மேல போட்டுக்கோயேன், என்ன குறைஞ்சிடப் போகுது” என்கிறார். என்ன குறையும்! நான் ஆசையாகக் கட்டிய ஒரே காரியம் இது. அது போய்விட்டால் காலையில் எழுந்து எதற்குக் கதவைத் திறப்பேன்? அவரிடம் இதைச் சொன்னேன். தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எழுந்து போனவர் திரும்பி வரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பெற்றோர்களையெல்லாம் வரச் சொல்லியிருக்கிறேன். நீ வா. பேக்கரிக்காரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டாம். உன்னைப் பற்றி மட்டும் சொல். நான் உன் பக்கத்தில்தான் நிற்பேன். யாராவது உன்னை ஒரு வார்த்தை அதிகம் பேசினால் அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணி

*

ஏப்ரல் 11

அண்ணி,

நான் வரவில்லை. அதுதான் உங்களுக்குத் தெரியுமே. சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். தெருமுனைவரை வந்தேன். உங்கள் வாசலில் அத்தனை செருப்புகளைப் பார்த்ததும் திரும்பிவிட்டேன். அவர்கள் முன்னால் சொல்லிவிட்டால் அப்புறம் எந்தக் காப்பகத்தில் என் பிள்ளையைச் சேர்ப்பார்கள்? காய்ச்சலை மறைக்கிறவள் என்று முகத்தில் எழுதி ஒட்டினாற்போல ஆகிவிடாதா? உங்களுக்கு உங்கள் காப்பகம் மாதிரிதான் எனக்கு என் வேலை.

வாலுவை வேறு இடத்தில் சேர்த்துவிட்டேன். கடைக்குப் பின்னால் மாடியில் ஒரு அம்மா நடத்துகிறார். நீங்கள் வெளியில் கேள்விப்படுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஏன் பழைய இடத்தை விட்டீர்கள் என்று அந்த அம்மா கேட்டார். அங்கே சுத்தம் போதாது, நோய் தொற்றிவிட்டது என்று சொன்னேன். வாயில் அதுதான் வந்தது. சொன்னதும் உடனே சேர்த்துக்கொண்டார்கள்.

என்னைத் திட்டுங்கள். என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள்.

அங்கே வாசலில் யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. ஒரு கருவியை நெற்றிக்கு நேராகக் காட்டுகிறார்கள், அதுவும் ஞாபகம் இருந்தால். வாலுவுக்கு அது புரியவில்லை. முதல் நாள் வாசலில் போய் நின்றதும் தானாகத் தலை குனிந்து பிடரியைக் காட்டினான். யாரும் தொடவில்லை. அப்படியே நின்றான். “உள்ள வாடா” என்று அந்த அம்மா கையைப் பிடித்து இழுத்தார். இன்றைக்கும் குனிந்தான். தினமும் குனிகிறான் அண்ணி.

நீங்கள் சொன்னபடியே கை நகம் இரண்டு உரிந்துவிட்டது. நான் பயப்படவில்லை.

சின்னு

*

ஏப்ரல் 29

சின்னு,

உன்னைத் திட்டி நான்கு தடவை எழுதினேன். கிழித்துப் போட்டேன். சுத்தம் போதாது என்றாயா! என் கையை ஒரு நாள் வந்து பார்த்திருந்தால் அந்த வார்த்தை உன் வாயில் வந்திருக்காது.

காப்பகத்தை மூடிவிட்டேன். இந்தத் தடவை பெயர்ப் பலகையையும் கழற்றியாகிவிட்டது. நீலத் தொட்டியைக் கவிழ்த்துக் கொல்லைப்புறம் வைத்திருக்கிறேன். அந்தக் குதிரையை மட்டும் தூக்கிப்போட மனம் வரவில்லை.

இன்று சாயங்காலம் அந்த மாடிக் காப்பகத்து அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். உன் பிள்ளை நகம் உரிந்திருக்கிறது, ஏதாவது ஒட்டுமோ என்று அவளுக்குப் பயம். அது பழைய நோயின் மிச்சம், நகத்திலிருந்து ஒட்டாது, டயப்பர் மாற்றினால் மட்டும் இன்னும் சில வாரம் சோப்புப் போட்டுக் கை கழுவு என்றேன். தலையாட்டினாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. அப்புறம்தான் கேட்டாள். “நேத்துக் காலையில நல்லாத்தான் வந்தான். மத்தியானம் அனலா கொதிச்சான். அவங்கம்மா ராத்திரி ஒண்ணுமில்லைன்னு அடிச்சுச் சொல்றாங்க. என்கிட்ட ஆறு மாசக் குழந்தை ஒண்ணு இருக்குங்க. உங்களுக்கு அவங்களைத் தெரியும். நம்பலாமா?”

மறுபடியும் செய்திருக்கிறாய்.

உனக்குத் தெரியுமா, நம்பலாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். என் பிள்ளை என்று நினைத்துத் தோளில் போட்டு நடந்தவன். அவனுக்கு இருக்கிற இடமும் போய்விடக் கூடாது என்று பட்டது. அப்புறம் தலையில் ஊசி ஏற்றிய அந்தக் குழந்தை கண் முன்னால் வந்தது. சொல்லிவிட்டேன். சிரப், ஈரத்துணி, எல்லாம். அவள் எழுந்து போனாள். நாளைக் காலை வாசலிலேயே உன்னைத் திருப்பி அனுப்புவாள்.

என்னை வேண்டுமட்டும் திட்டிக்கொள். வேலையைக் கெடுத்தவள், குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தவள், உன் அண்ணன் காதில் விழும்படியே சொல். அவர் தண்ணீர் எடுக்கப் போய்விடுவார்.

திட்டி முடித்ததும் அவனை இங்கே கொண்டு வா. நீ வேலைக்குப் போ. இங்கே இப்போது ஒரு பிள்ளைகூட இல்லை. அவனுக்கு எது வந்தாலும் ஒட்டுவதற்கு ஆள் இல்லை, காய்ச்சலோடு வந்தாலும் வைத்துக்கொள்வேன். நீ கேட்டுக்கு உள்ளே வர வேண்டாம். நானும் உன்னிடம் எதுவும் கேட்க மாட்டேன்.

காலையில் சிரப் மட்டும் கொடுக்காதே, துணியால் துடைக்காதே. நீ சொல்லாததை அவன் பிடரியாவது சொல்லட்டும்.

அண்ணி